சத்தமில்லாமல் வருகிற வண்டி

என் மகள் பேட்டரி வண்டி வாங்கியிருக்கிறாள். "பெட்ரோல் செலவே இல்லம்மா" என்று வாசலில் நிறுத்திக் காட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒலகத்துல எத்தினி வண்டி இருக்குது, இந்தச் சனியன்தான் கெடச்சுதா ஒனக்கு?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். பாவம், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. அதுதான் எனக்கு ஆகவில்லை. எங்கள் தெருவில் ஏற்கெனவே நாலைந்து பேர் வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் காற்று அசைந்த மாதிரி இருக்கும், திரும்பினால் வண்டி நிற்கும். "சொல்லுக்கா, அப்புறம் இன்னா ஆச்சு?" என்று அவள் கேட்பாள். என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோயிருக்கும். அறுபதைத் தாண்டியாகிவிட்டது, பயமுறுத்திய ஆளும் செத்துச் சாம்பலாகிப் பல வருஷம் ஆகிறது, இன்னும் இந்தக் கண்றாவி என்னை விடவில்லை.

நான் பிறந்தது திருக்கோவிலூரில். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னை வளர்த்தாள். வயலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. எங்கள் வீட்டில் ரகசியம் பேசினால்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கும். எனக்கும் அதே தொண்டை. போதாததற்கு, பார்த்த ஆளை அப்படியே நடித்துக் காட்டுவேன். கண்டக்டர் சில்லறை இல்லை என்று முகத்தைச் சுளிப்பதையும், மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திட்டுவதையும் நான் செய்து காட்டினால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "இந்த வாய வெச்சினு எந்த வூட்டுக்குப் போய் வாழப் போறியோ" என்பாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வாழப் போன வீடு கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்தது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, அணைப் பக்கம், மலை ரோடு இறங்கி வருகிற வழியில் தனியாக நாலு வீடு. அதில் ஒன்று. மாப்பிள்ளை மலை ஊர்களுக்குப் போய் மரவள்ளிக்கிழங்கை விலை பேசி வாங்கி, சவ்வரிசி ஆலைக்கு ஏற்றி அனுப்புகிறவர். குடி கிடையாது, பீடி கிடையாது. பைக் வைத்திருந்தார், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். அவன் என்று எழுதத்தான் ஆசை. இத்தனை வருஷம் கழித்தும் கை வரமாட்டேன் என்கிறது. அவர் என்றே இருக்கட்டும்.

மலையிலிருந்து வண்டியில் வருகிற எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. மேலேயே இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். சரிவு தானாகவே இழுத்துக்கொண்டு வரும், ஒரு சொட்டு பெட்ரோல் ஆகாது. பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வளைவு வளைவாக உருட்டி வருவார்கள். அவரும் அப்படித்தான் வருவார். எங்கள் வீட்டு வாசலில் சரிவு முடியும், வண்டியும் நிற்கும். சிக்கனமான ஆள் என்று நானும் பெருமைப்பட்டேன், ஏன் படாமல்?

வாசல் ஓரம் ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. அதை ஒட்டி வீட்டுச் சுவர், சுவரில் சமையல் கட்டின் ஜன்னல். வண்டியை நிறுத்திவிட்டு உடனே உள்ளே வரமாட்டார். டிரம் பக்கத்தில் நிற்பார். எவ்வளவு நேரம் நிற்பார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் கொடுமை.

முதலில் புரியவில்லை. சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே, மெதுவாகக் கேட்பார். "மத்தியானம் எதிர்வூட்டம்மாகிட்ட, எங்கம்மா வூட்டுல இருந்தா இந்நேரம் மீன் கொழம்புன்னு சொன்னியே. இங்க ஒனக்கு இன்னா கொற வெச்சேன்?" எனக்குத் தூக்கிவாரிப்போடும். எதிர்வீட்டு அக்கா போய்ச் சொல்லியிருப்பாளோ என்று அவள் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பாவம், அவள் நல்லவள். டிரம் பக்கத்தில் நின்று கேட்டது அவரேதான் என்பது பிறகுதான் உறைத்தது. மாவாட்டினால் எனக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுக்காமல் இருக்கமாட்டாள்.

ஒரு நாள் அந்த அக்கா மாவு கொண்டுவந்தபோது நான் நல்ல குஷியில் இருந்தேன். அவர் கிழங்கு மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, தொண்டையைச் செருமி, "இன்னும் கம்மிதான்" என்று இழுப்பாரே, அதைச் செய்து காட்டினேன். அக்கா சிரித்த சிரிப்பில் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். திரும்பினேன். கதவருகில் அவர் நின்றுகொண்டிருந்தார். அக்கா முந்தானையை இழுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள். அவர் தண்ணீர் கேட்டார், குடித்தார், கை கால் கழுவினார்.

சாப்பிட்டு முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "எங்க, அத இன்னொரு வாட்டி செஞ்சி காட்டு" என்றார். சிரித்த முகம். விளையாட்டு என்று நினைத்துச் செய்தேன். "நல்லா இருக்குது. இன்னொரு வாட்டி." செய்தேன். "அந்தச் செருமலு சரியா வரல. இன்னொரு வாட்டி." போதுங்க என்றேன். "அவளுக்குக் காட்டத் தெரியுது, கட்டினவனுக்குக் காட்டத் தெரியாதா? இன்னொரு வாட்டி." நான் அழுதுகொண்டே செருமினேன், அழுதுகொண்டே இன்னும் கம்மிதான் என்று இழுத்தேன். தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் விடவில்லை. கடைசியில் அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்ட மாதிரி கேட்டார்: "ஏன் அழற? நான் இன்னா பண்ணேன் ஒன்ன?"

அதைத்தான் என்னாலும் சொல்ல முடியவில்லை. என்ன பண்ணினார்? அடித்தாரா? திட்டினாரா? குரலை உயர்த்தினாரா? ஒன்றுமில்லையே. அன்றோடு நான் யாரையும் நடித்துக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு சிரிப்பு போயிற்று. அக்கா வந்தால் மாவை வாங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு வார்த்தை பேசுவேன். கொஞ்ச நாளில் அவளும் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டால், "நீ எதுக்குத் தனியா பஸ்ல இடிபடணும், நானே கூட்டினு போறேன்" என்பார். கூட்டிப்போகவே மாட்டார். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இவ்வளவு அக்கறையான புருஷனை எப்படிக் குறை சொல்வது? உறவுக்காரர்கள் வந்தால் என்னைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார்: "எம் பொண்டாட்டி அதிர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டா." அவர்களும் தலையாட்டுவார்கள். வாயாடியாக இருந்த பெண் கல்யாணத்துக்குப் பிறகு எவ்வளவு அடக்கமாகிவிட்டாள் என்று என் காது படவே பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டபோதெல்லாம் யாருக்கோ எடுக்கிற கருமாதியில் நானும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அம்மா ஒரு முறை பார்க்க வந்தாள். அவர் மலைக்குப் போயிருந்தார். ஜன்னலைச் சாத்திவிட்டு, அம்மாவின் காதோடு சொன்னேன். "எனக்கு இங்க இருக்க பயமா இருக்குதும்மா."

அம்மா பதறிப்போனாள். "இன்னாடி சொல்ற? கை நீட்டறாரா?"

"இல்ல."

"குடிக்கறாரா? வேற பொம்பள சகவாசமா?"

"இல்லம்மா. வண்டிய ஆஃப் பண்ணிட்டு வராரு."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கும் என்று. அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவளுடைய வயல் சிரிப்பைச் சிரித்தாள். "அடிப்பாவி, நான் இன்னாமோ ஏதோன்னு பயந்துட்டேன். பெட்ரோல மிச்சம் பண்றாரு, அது ஒரு தப்பா? தங்கமான மாப்ள. ஊருல ஒவ்வொருத்தி படற பாட்டப் பாரு" என்றாள். அவள் சிரிப்பு ஜன்னல் கதவைத் தாண்டிப் போயிருக்குமோ என்று நான் டிரம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடி வாங்குகிறவளுக்காவது காட்டுவதற்குக் காயம் இருக்கும். பஞ்சாயத்தில் நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். என்னிடம் காட்ட என்ன இருந்தது, ஒரு தண்ணீர் டிரம்மைத் தவிர?

மகள் பிறந்தாள். நடந்தாள், ஓடினாள், பேசவில்லை. மூன்று வயது ஆகப்போகிறது, தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள். எப்போதாவது "ம்மா" என்று வெறும் மூச்சாக ஒரு சொல் வரும், காதை அவள் வாயருகே வைத்தால்தான் கேட்கும். கள்ளக்குறிச்சியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் குழந்தைக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார். குழந்தை வெடுக்கென்று திரும்பியது. "காது நல்லா கேக்குது. தொண்டையிலயும் ஒண்ணுமில்ல. வீட்டுல கொழந்தகிட்டப் பேசுவீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா பேசுவோங்க" என்று அவர் பதில் சொன்னார்.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. நான் இவளிடம் என்ன பேசியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சாப்பிடு, வா, தூங்கு. அதையும் சத்தமாகச் சொன்னதில்லை. திருக்கோவிலூரையே கலக்கிய என் தொண்டையை என் பிள்ளை கேட்டதே இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அவர் மேலே போயிருந்தபோது மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. பஸ்ஸும் ஏறவில்லை, வண்டியும் இறங்கவில்லை. இரண்டு மூன்று நாளைக்கு யாரும் வரமுடியாது என்று அணைப் பக்கம் போய்வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரியும், அவர் வரமுடியாது. பறந்து வந்தால்தான் உண்டு. ஆனாலும் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது காதோடுதான் பேசினேன். பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைத்தேன். யாருமில்லாத வீட்டில் யாருக்குப் பயந்து இதைச் செய்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் குரல் ஏறவில்லை. முயன்று பார்த்தேன், கட்டை மாதிரி அடைத்துக்கொண்டது.

மழை விட்ட ஒரு காலையில் எதிர்வீட்டு அக்கா உள்ளேயே வந்துவிட்டாள். ரோடு அடைத்த தைரியம் அவளுக்கும். தன் வீட்டுக்காரர் சேற்றில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிப் பழைய மாதிரி பெரிதாகச் சிரித்தாள். மூலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து ஓடி வந்தது. அக்காவின் மடியில் ஏறி, அவள் வாயைத் தன் சின்னக் கையால் பொத்தியது. பிறகு ஜன்னலைக் காட்டியது, டிரம் இருக்கிற பக்கம். உதட்டின் மேல் விரலை வைத்து, "ஷ்ஷ்" என்றது.

அக்காவுக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "இன்னாடி இது? யாரக் காட்டுது கொழந்த?" என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே யாருமில்லை. ஈர டிரம்தான் இருந்தது. நான் மட்டும்தான் அவர் வருகிறாரா என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இந்தப் பிள்ளையும் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. இங்கேயே இருந்தால் இவள் குரல் வெளியே வராமலே போய்விடும்.

"அக்கா, டவுன் பஸ் எப்போ?" என்று கேட்டேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. என் பையில் இரண்டு புடவையை அவளே திணித்தாள்.

திருக்கோவிலூரில் அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகு கவலைப்பட்டாள். "சொல்லாம கொள்ளாம வந்துட்டியே, அவரு இன்னா நெனப்பாரு? ரோடு தொறந்ததும் நானே கொண்டாந்து வுட்டுட்டு வரேன்" என்றாள். நான் மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். "மறுபடியும் அந்தப் பெட்ரோல் கதையாடி?" என்று அலுத்துக்கொண்டாள். குழந்தையைப் பற்றிச் சொன்னதற்கு, "சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்றாள். அம்மாவே நம்பாவிட்டால் நான் எங்கே போவேன்? திரும்பப் போனால் இந்தப் பிள்ளை என்ன ஆகும்?

ரோடு திறந்த மறுநாள் அவர் வந்தார்.

சாயங்காலம். அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் வீட்டுக்குள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா ஊர் தந்த தைரியத்தில் கொஞ்சம் வாய் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தை சட்டென்று திரும்பி என் உதட்டின் மேல் விரலை வைத்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதற்குக் கேட்டிருக்கிறது. சீப்பு கையில் நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போது வெளியே என் அம்மாவின் குரல் கேட்டது. வயல் குரல்.

"மாப்ள, இங்க ஏது எறக்கம்?"

அம்மா குழாயடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவர் தெருமுனையில் இன்ஜினை நிறுத்தியதை, அவ்வளவு கனமான வண்டியை மேடும் பள்ளமும் இல்லாத தெருவில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்ததை, எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றதை. குடத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"இல்லீங்கத்த, பெட்ரோலு..." என்றார் அவர்.

"பெட்ரோலு மிச்சம் புடிக்கறவரு செவுத்துல காத வெச்சினு எதுக்கு நிக்கறீங்க? எம் பொண்ணு இன்னா பேசறான்னு கேக்கணுமா? என்னக் கேளுங்க, நான் சொல்றேன். அவ பயமா இருக்குதுன்னு சொன்னா. என்னாண்டதான் சொன்னா. நான் சிரிச்சேன்."

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் யாரையும் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார். போகும்போது இன்ஜின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அம்மா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்னியேடி" என்றாள். "நீ சொன்னியேடி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் பக்கத்து உறவுக்காரர்கள் பஞ்சாயத்து பேச வந்தார்கள். அடித்தானா, குடித்தானா என்று அதே கேள்விகள். "அடிக்கல. அடிச்சிருந்தா இன்னும் சீக்கிரம் எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். நான் திரும்பிப் போகவில்லை. பால்வாடியில் சமையல் வேலை கிடைத்தது. குழந்தையும் கூடவே வந்தது. அங்கே நாள் முழுக்கக் காட்டுக் கூச்சல். ஒரு மத்தியானம் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள், பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து, தொண்டை கிழிய "சோறு!" என்று கத்தினாள். கரண்டியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மற்ற பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

இப்போது அவளும் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். என் அம்மாவின் தொண்டை அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. எனக்குத்தான் முழுதாகத் திரும்பவில்லை. அவர் செத்தபோது போகவில்லை. போய்ப் பார்த்திருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும். செத்தவர்கள் நடந்தால் சத்தம் கேட்காது. மழை நாளில் ஜன்னல் பக்கம் தண்ணீர் சொட்டினால், பேசுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன். இந்த வீட்டில் டிரம் வைக்கவே விட்டதில்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

வண்டிக்காக நான் கத்திய அன்று மகள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் வாசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் ஹாரன் அலறியது. நிற்கவே இல்லை. முனையிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டு வந்தாள். நாய் குரைத்தது, இரண்டு வீட்டில் எட்டிப் பார்த்துத் திட்டினார்கள்.

"இன்னாடி இது அக்கிரமம்? தெருவே திட்டுது" என்றேன்.

"திட்டட்டும். தெனமும் இப்படித்தான் வருவேன்" என்றாள் அவள். "நீ பேசினு இருந்தியே, பேசு."